பழைய காரில் கூலன்ட் மாற்றுவது: ஜோஹன்னஸ்பர்க் மேட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஜோஹன்னஸ்பர்க்குக் குடிவந்த புதிதில் என் மனைவி முதலில் கவனித்தது பருப்பு வேகாததைத்தான். ஊரில் அரை மணியில் குழைந்துவிடும் துவரம்பருப்பு, இங்கே திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி கொதித்தும் நறுக்கென்று நின்றது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிற நகரம் இது. இங்கே தண்ணீர் 100 டிகிரி வரைக்கும் போகாது, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் வைத்து வெயிட் போட்டால்தான் பருப்பு ஒழுங்காக வேகும்.

காரின் எஞ்சினுக்கும் இதே கதைதான். எஞ்சின் நன்றாக ஓடும்போது உள்ளே சுற்றி அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 90 டிகிரிக்குச் சற்று முன்பின் இருக்கும். கொதிநிலைக்கும் அதற்கும் நடுவில் இந்த ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய டிகிரிகள்தான் இடைவெளி. அந்த இடைவெளியை அகலப்படுத்துபவை இரண்டு: ரேடியேட்டர் மூடி, கூலன்ட்டில் தண்ணீரோடு கலந்திருக்கும் உறைதடுப்பானான ஆன்டிஃப்ரீஸ். மூடிதான் இங்கே குக்கர் வெயிட். பழைய கார் வாங்கியவர்கள் இந்த இரண்டையும்தான் கடைசியாகப் பார்க்கிறார்கள். டயரைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம், சீட் உறையைக்கூடத் தடவிப் பார்க்கிறோம்.

நான் வாங்கியது 2014ஆம் ஆண்டு டொயோட்டா எட்டியோஸ். பெங்களூரு அருகே பிடதியில் செய்து கப்பலேறி வந்த கார். தெருவில் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். விற்றவர் தனிநபர். இங்கே தனிநபர்கள் விற்கும்போது ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு சொல் இருக்கும். உள்ளபடியே வாங்கிக்கொள், பிறகு கேட்காதே என்று பொருள். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாத உத்தரவாதம் உண்டு, தனிநபரிடம் அது கிடையாது. பெயர் மாற்றத்துக்கு ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், அது என் காருக்குச் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் இருப்பதால் கூலன்ட் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

பானெட்டைத் திறந்து காட்டியபோது ரிசர்வ் டேங்கில் பளிச்சென்று இளஞ்சிவப்புத் திரவம். புதிதாக மாற்றியிருக்கிறார் போல என்று நானும் நம்பினேன். இரண்டு வாரம் கழித்து, ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே காவி நிறத் தண்ணீர். ரிசர்வ் டேங்கில் மட்டும் புது கூலன்ட் ஊற்றியிருக்கிறார்கள். அது ரேடியேட்டரோடு எளிதில் கலக்காது, சூடாகி விரியும்போதும் ஆறிச் சுருங்கும்போதும் கொஞ்சம் போய் வரும், அவ்வளவுதான். ஆகவே டேங்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

உள்ளே இருப்பது என்ன?

வேலையைத் தொடங்கும் முன்பு இதைக் கண்டுபிடியுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு, ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியையோ டிஷ்யூ பேப்பரையோ ஒரு குச்சியில் சுற்றித் தோய்த்துப் பாருங்கள்.

தெளிவாக, ஏதோ ஒரு நிறத்தோடு இருந்தால் நல்லது. காவி நிறம் என்றால் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது. வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சின்னச் சின்னப் பழுப்புத் துகள் மினுங்கினால் ஒழுகலை அடைக்கிற மருந்தை யாரோ ஊற்றியிருக்கக்கூடும். அப்படியானால் எங்கோ ஒழுகல் இருந்திருக்கிறது, தேட வேண்டும். வழவழவென்று சேறு போல ஒட்டினால் ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலந்திருக்கலாம்.

மேலே எண்ணெய்ப் படலமோ, பால் காபி போன்ற நிறமோ தெரிந்தால் நின்றுவிடுங்கள். எஞ்சின் ஆயில் குச்சியையும் ஆயில் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கேயும் வெண்ணெய் போல வெளிர்மஞ்சளாக இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். (குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் காரில் ஆயில் மூடிக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வெளிர்மஞ்சள் படிவது உண்டு, குச்சியில் இல்லாவிட்டால் அதற்காகப் பதற வேண்டாம்.) ஆட்டோமேட்டிக் கார்களில் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் குளிரும் குழாய் இருக்கும், அது உடைந்தாலும் எண்ணெய் கலக்கும். மூடியைத் திறந்து வைத்து, ஆறிய எஞ்சினை ஓட்டியதும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தாலும் கேஸ்கெட்டையே சந்தேகிக்க வேண்டும். இவற்றில் எது இருந்தாலும் கூலன்ட் மாற்றுவது வீண் செலவு, முதலில் மெக்கானிக்.

அடுத்து அடர்த்தி. ஸ்பேர்ஸ் கடையில் சின்னப் பந்துகள் மிதக்கும் உறிஞ்சுகுழல் மீட்டர் மலிவாகக் கிடைக்கும். ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் என்றால் இன்னும் துல்லியம். எந்தக் குளிர் வரை தாங்கும் என்று இவை காட்டும். என் காரில் அது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் என்று காட்டியது. அப்போது மே மாதம், குளிர்காலம் வாசலில். ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பம் சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். 2024 செப்டம்பரில் பெய்த பனியில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் என்3 நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாய் பக்கம் மூடப்பட்டு, வண்டிகள் இரவு முழுக்கச் சாலையிலேயே சிக்கிக் கிடந்தன. எஞ்சினுக்குள் வெறும் தண்ணீரோடு அப்படி ஓர் இரவில் நின்றால், அது உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். ஆப்பிரிக்காவில் பனியா என்று ஊரில் கேட்பார்கள். ஆமாம், இருக்கிறது.

நிறத்தை நம்ப வேண்டாம்

கூலன்ட்டின் நிறம் வெறும் சாயம். பச்சை என்றால் பழைய வகை, ஆரஞ்சு என்றால் புதிய வகை என்றெல்லாம் ஒரு காலத்தில் ஓரளவு சொல்லலாம். இப்போது பச்சை நிறத்திலேயே நீண்டகால வகைகள் வருகின்றன. பார்க்க வேண்டியது குப்பியில் எழுதியிருப்பதும் உங்கள் காரின் கையேடும்தான்.

துருவைத் தடுக்கச் சேர்க்கும் ரசாயனத்தை வைத்துத்தான் வகை பிரிகிறது. சிலிக்கேட் சேர்த்த பழைய வகை இரண்டு வருடத்தில் சக்தி இழந்துவிடும். கரிம அமிலம் சேர்த்த வகை ஐந்து வருடம் வரை தாங்கும். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நீண்டகாலக் கூலன்ட் கரிம அமிலத்தோடு பாஸ்பேட்டும் சேர்ந்தது, சிலிக்கேட் இல்லாதது. பல டொயோட்டா கையேடுகளில் முதல் மாற்றம் 1,60,000 கிலோமீட்டரில் அல்லது 10 வருடத்தில், அதற்குப் பிறகு 80,000 கிலோமீட்டருக்கோ 5 வருடத்துக்கோ ஒருமுறை என்று இருக்கும். ஃபோக்ஸ்வாகன் போலோ, விவோ வைத்திருப்பவர்கள் ஜி12, ஜி13 என்று தொடங்கும் தரக்குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். வகை மாற்றிக் கலந்தால் உடனே எஞ்சின் நின்றுவிடாது. துருத் தடுப்புச் சக்தி குறையும், சில கலவைகளில் கூழ் போலத் திரளும். முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று தெரியாத பழைய காரில் இதற்கு ஒரே வழி, முழுக்க அலசிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான்.

வாங்கி வைக்க வேண்டியவை

கையேட்டில் கூலன்ட் மொத்தக் கொள்ளளவு என்ன என்று பாருங்கள். சிறிய பெட்ரோல் கார்களில் பொதுவாக நாலிலிருந்து ஆறு லிட்டர். அதில் பாதி அளவுக்குத் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்குங்கள். கடைக்காரர் கலந்து வைத்த ரெடிமிக்ஸைத்தான் எடுத்துக் கொடுப்பார். வேண்டாம், காரணத்தைப் பின்னால் கணக்கோடு சொல்கிறேன். கூடவே டீஅயனைஸ்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றுகிற அதே தண்ணீர், பத்து லிட்டராவது வேண்டும். போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் சுண்ணாம்பு, கெட்டிலின் அடியில் படிவது போலவே ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும்.

புது ரேடியேட்டர் மூடி ஒன்று, அகலமான பேசின், அளவு குறித்த ஐந்து லிட்டர் கேன்கள், புனல், பிளையர், கையுறை, கண்ணாடி. காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக் ஸ்டாண்ட் இரண்டு. ஜாக் மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் எந்த அவசரத்துக்கும் தலையை நீட்டாதீர்கள்.

அப்புறம், அலசுவதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். ஜோபர்க்கில் குழாயில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பாதி வேலையில் நின்றுவிட்டால் காரும் நடுவில் நிற்கும். முதல் நாளே நாலு வாளி பிடித்து வைத்துவிடுங்கள்.

வடிப்பது

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடியிருக்கும் வரை அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்த நொடியில் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். வெயிட் அடங்காத குக்கரைத் திறப்பதற்குச் சமம் அது. கொதிநிலை குறைவான இந்த ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஓட்டி நிறுத்திய காரென்றால் மூன்று நான்கு மணி நேரமாவது விடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும், கை பத்திரம்.

நாயையும் குழந்தைகளையும் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கூலன்ட்டில் ஆன்டிஃப்ரீஸாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கிவிடும். கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்து. குடித்தது போலச் சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் ஓட வேண்டும், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த வேலையைப் பின்பக்கத்துத் தோட்டத்தில் செய்வதை விட்டுவிட்டு, கேட்டுக்கு உள்ளே சிமெண்ட் தரையில் செய்கிறேன். சிந்தினால் உடனே கழுவித் துணியால் ஒற்றி எடுக்க முடியும்.

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பிவிட்டு அணையுங்கள். பழைய கார்களில் அப்போதுதான் ஹீட்டருக்குப் போகும் வழி திறக்கும். பல டொயோட்டாக்களில் ரேடியேட்டரின் அடியில் ஒரு மூலையில் பிளாஸ்டிக் வடிகால் திருகு இருக்கும். அதன் மூக்கில் சின்ன ரப்பர் குழாயைச் செருகி பேசினுக்குள் விடுங்கள். திருகை மெதுவாகத் திறவுங்கள். பத்து வருடம் தொடாத பிளாஸ்டிக் சட்டென்று உடைந்துவிடும். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மேலே மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போய் வேகமாகக் கொட்டும். போலோ, விவோ மாதிரிக் கார்களில் ரேடியேட்டரில் மூடி இருக்காது. பந்து போன்ற எக்ஸ்பான்ஷன் டேங்கின் மூடிதான் அழுத்தம் தாங்கும் மூடி. வடிகால் திருகு இல்லையென்றால் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டியதுதான். மொத்தமும் ஒரே வீச்சில் கொட்டும், பேசினைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் டேங்கையும் கழற்றிக் கழுவுங்கள். என்னுடையதின் அடியில் அரை விரல் கனத்துக்குச் சேறு இருந்தது. எஞ்சின் பிளாக்கில் தனி வடிகால் போல்ட் சில கார்களில் உண்டு. எளிதாகத் திறந்தால் திறக்கலாம், துருப்பிடித்து அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். அது முறிந்தால் வருகிற தொல்லை பெரிது.

அலசுவது

பழைய காரில் இந்தப் பகுதிக்குத்தான் பொறுமை வேண்டும். திருகை மூடி, தண்ணீர் நிரப்பி, மூடியைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டுங்கள். மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட வேண்டும். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து பிளாக்குக்குள் இருக்கும் தண்ணீரும் சுற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பல டொயோட்டாக்களில் அது 82 டிகிரி சுமாரில் திறக்கும். குளிர்காலக் காலையில் இதற்கே இருபது நிமிடம் பிடிக்கும். பிறகு அணைத்து, ஆறவிட்டு, வடியுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினியம் சட்டென்று சுருங்கி ஹெட் வளைந்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் ஆற வேண்டும்.

ஒரே நாளில் முடியாவிட்டால் பரவாயில்லை. நான் சனிக்கிழமை இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை என்று அலசினேன். முதல் தடவை காவி, இரண்டாவது தேநீர் நிறம், மூன்றாவது எலுமிச்சை ஜூஸ், நாலாவது தெளிவு. கடைசி அலசலை டீஅயனைஸ்டு வாட்டரில் செய்யுங்கள், குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே தங்காது.

அலசுவதற்கென்று விற்கும் ரசாயனங்களை ஊற்றலாமா என்று கேட்பீர்கள். லேசான துரு என்றால் குப்பியில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாமல் பயன்படுத்தலாம். மிகப் பழைய, சேறடைந்த ரேடியேட்டரில் நான் ஊற்ற மாட்டேன். சில நேரம் அந்தத் துருதான் ஊசித் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். தோட்டத்துக் குழாயை முழு வேகத்தில் ரேடியேட்டருக்குள் திருப்புவதும் வேண்டாம். இருபக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டிகள் வயதானவை, இணைப்பில் விட்டுக்கொள்ளும்.

மூடி, ஹோஸ், தெர்மோஸ்டாட்

எல்லாம் வடிந்து கிடக்கும் இந்த நேரத்தில் ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். ரப்பர் மீண்டு வர வேண்டும். கல் போல இறுகியிருந்தாலோ, முனைகளில் உப்பியிருந்தாலோ, அமுக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டின் வயது தெரியாவிட்டால் அதையும் அதன் ரப்பர் வளையத்தோடு மாற்றுவது நல்லது. சின்ன வால்வுள்ள முனை மேலே வரும்படி வைக்க வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் காய்ந்த கூலன்ட் தடம் இருந்தால் பம்பும் விடைபெறத் தயாராகிறது என்று பொருள்.

இனி மூடி. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்றோ, 108 கேபிஏ என்றோ இருக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தம் வரை பிடித்து வைக்கும் என்பதுதான் அந்த எண். டர்பனில் கடலோரம் நிற்கும் காரில் மூடி கெட்டுப்போனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஜோபர்க்கில் 94 டிகிரியில். 1.1 மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீரே இங்கே 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி ஆன்டிஃப்ரீஸ் இருந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். ரப்பர் தேய்ந்து 0.3 மட்டும் பிடிக்கிற மூடி என்றால் வெறும் தண்ணீருக்கு 103தான். வெயிலில், நெரிசலில், ஏசி போட்டுக்கொண்டு ரோபோவில் (இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர்) நின்றால் அது போதாது. ஒரே எண் உள்ள புது மூடி வாங்கிப் போடுங்கள். கூடுதல் எண் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், பழைய ஹோஸும் ரேடியேட்டரும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

கணக்கு

ரெடிமிக்ஸ் ஏன் வேண்டாம் என்றேன் அல்லவா? எவ்வளவு வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். உங்கள் காரின் கொள்ளளவு 5 லிட்டர், கடைசி அலசலில் வடிந்து வந்தது 3.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.8 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த ரெடிமிக்ஸை 3.2 லிட்டர் ஊற்றினால் உள்ளே போகிற ஆன்டிஃப்ரீஸ் 1.6 லிட்டர்தான், ஐந்தில் 1.6 என்பது 32 சதவீதம். கடைக்குக் காசு கொடுத்தது 50 சதவீதத்துக்கு, எஞ்சினுக்குக் கிடைத்தது 32.

அதனால் முதலில் 2.5 லிட்டர் கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றுங்கள். மீதி 0.7 லிட்டரை டீஅயனைஸ்டு வாட்டரால் நிரப்புங்கள். ஓடிக் கலந்ததும் சரியாக 50 சதவீதம். மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கடைசி அலசலில் வடியும் தண்ணீரை அளந்து பார்க்கத்தான் அளவு குறித்த கேன்களை வாங்கச் சொன்னேன். நிறைய ஊற்றினால் நல்லது என்று 70, 80 சதவீதம் போகாதீர்கள். தண்ணீரை விட கிளைக்கால் குறைவாகவே வெப்பம் கடத்தும், எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்தும் விடும்; தண்ணீரோடு சேர்ந்தால்தான் அதற்குப் பலம்.

நிரப்புவதும் காற்றை வெளியேற்றுவதும்

வடிகால் திருகை மூடுங்கள், கழற்றிய ஹோஸ்களை மாட்டிக் கிளிப்பைச் சரியான தடத்தில் உட்கார வையுங்கள். முடிந்தால் காரின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய்தான் உயரமான இடமாக இருந்தால் காற்று தானாக அங்கே வந்து வெளியேறும். ஹீட்டர் ஹோஸிலோ தெர்மோஸ்டாட் அருகிலோ காற்று விடும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வடியும்போது இறுக்குங்கள்.

மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். நடுநடுவே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், குளுக் குளுக்கென்று காற்று வரும். வாய் வரை நிறைந்ததும் புனலை இறுக்கமாகச் செருகி அதிலும் கொஞ்சம் கூலன்ட் நிற்கட்டும். ஹீட்டர் முழுச் சூடு, ஏசி அணைத்தபடி எஞ்சினை ஓட்டுங்கள். அளவு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடாகத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை இரண்டாயிரம் ஆர்பிஎம் சுமாருக்கு மெதுவாக ஏற்றி அரை நிமிடம் பிடித்து விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அளவு சட்டென்று இறங்கும், சில பெரிய குமிழிகள் வரும். அப்போது முகத்தைப் புனலுக்கு மேல் வைக்காதீர்கள். இந்த உயரத்தில் மூடியில்லாத வாய் சீக்கிரமே பொங்கும். பொங்குவது போலிருந்தால் எஞ்சினை அணைத்து ஆறவிட்டுவிடுங்கள். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி நிற்கும் வரை விடுங்கள்.

காற்று உள்ளே மாட்டிக்கொண்டதா என்று சொல்வது ஹீட்டர்தான். எஞ்சின் சூடாகியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், அல்லது டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் ஏர் லாக் இருக்கிறது. ஆறவிட்டு மறுபடியும் செய்யுங்கள். என் காருக்கு மூன்று முறை ஆனது. பக்கத்து வீட்டில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். பாட்டியிடமிருந்து கேட்ட கொஞ்சம் தமிழும் மீதி ஆங்கிலமுமாகப் பேசுவார், என்னைத் தம்பி என்றே கூப்பிடுவார். ஹோஸை அமுக்குகிற அந்தக் கைப்பழக்கத்தை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எஞ்சின் ஓடாதபோது, ஆறியிருக்கும்போது அமுக்கச் சொன்னார். அதுவரை நான் ஓடும்போது அமுக்கிக்கொண்டிருந்தேன், குமிழி சிதறிக்கொண்டே இருந்தது.

டாஷ்போர்டில் வெப்பமுள் இல்லாமல் நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ள சின்னக் கார்களில், சிவப்பு எரியும்போது காலம் கடந்திருக்கும். ஓபிடி துளையில் (மெக்கானிக்குகள் கோளாறு பார்க்கக் கணினியை இணைக்கும் இடம்) செருகும் சின்னக் கருவியை போனோடு இணைத்தால் கூலன்ட் வெப்பம் எண்ணாகவே தெரியும். பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் வாங்க வேண்டிய பொருள் அது என்பேன்.

பழைய கூலன்ட்டை என்ன செய்வது

தெருவோர வடிகாலில் ஊற்றாதீர்கள். மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஆற்றுக்குப் போகிறது. நம் வடக்குப் பகுதிகளில் அது யூக்ஸ்கை ஆறு. அங்கிருந்து க்ரோக்கடைல் ஆறு, ஹார்ட்டிபீஸ்பூர்ட் அணை. முதல் வடிப்பையும் முதல் இரண்டு அலசல் தண்ணீரையும் மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே 'விஷம்' என்று எழுதி, வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பிலோ நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பிலோ கொடுங்கள். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்க வேண்டாம், யாராவது குடித்துவிடுவார்கள். பழைய எஞ்சின் ஆயிலோடும் கலக்காதீர்கள். கலந்தால் அந்த ஆயிலை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள்.

முதல் வாரமும் டர்பன் பயணமும்

ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும்படி அதே ஐம்பதுக்கு ஐம்பது கலவையை ஊற்றி வையுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் அளவைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் இறங்குவது இயல்பு, மீதிக் காற்று வெளியேறுகிறது. நாலாவது நாளும் இறங்கினால் ஒழுகல் தேட வேண்டும். ராத்திரி எஞ்சினுக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்து வைத்தால் எந்த இடத்துக்கு நேரே சொட்டுகிறது என்று தெரிந்துவிடும். வாரக் கடைசியில் மீட்டரால் அடர்த்தியை ஒருமுறை சரிபார்த்து, தேதி, கிலோமீட்டர், கூலன்ட் வகை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்து இந்தக் காரை வாங்குகிறவர் என்னைப் போலத் தடுமாற வேண்டியதில்லை.

இந்த ஊரில் காருக்கு உண்மையான பரீட்சை என்3தான். புனித வெள்ளிக்கு டர்பன் அருகே மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் போவது வழக்கம், ஒருவழி அறுநூறு கிலோமீட்டர் இருக்கும். போகும்போது பெரும்பாலும் இறக்கம், எஞ்சினுக்குச் சிரமமில்லை. திரும்பும்போதுதான் கடல் மட்டத்திலிருந்து மேட்டுநிலம் வரை ஏற வேண்டும்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில், அப்புறம் வான் ரீனன் கணவாய். பிள்ளைகள், சாமான், பிரசாதம் என்று கார் நிறைந்திருக்கும், முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

ஏற்றத்தில் வெப்பம் 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வேகும், ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை லேசாக்குங்கள். இறங்கவில்லை என்றால் பத்திரமான இடத்தில் ஒதுங்கி, ஃபேன் ஓடுகிறதா, எங்காவது பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சினாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு நிமிடம் நிதானமாக ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள். மூடியைத் தொட வேண்டாம்.

கூலன்ட் மாற்றிய பிறகு வந்த முதல் ஈஸ்டரில் டவுன் ஹில்லில் என் போன் திரை 97 காட்டியது, வான் ரீனனில் 96. ஹாரிஸ்மித்தில் வழக்கம்போல டீ குடிக்க நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் கழித்து பானெட்டைத் திறந்து பார்த்தேன். ரிசர்வ் டேங்கில் இளஞ்சிவப்பு, ஜோபர்க்கில் நான் பேனாவால் போட்ட கோட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தது. மறுநாள் காலை வீட்டில் ஆறிய பிறகு பார்த்தபோது அந்தக் கோட்டிலேயே நின்றது.